கைவிடப்பட்ட பட்டறையும் எமது நன்னீரும்

ஒரு தொழிற்சாலை இயங்கும்போது அதைக் கண்காணிக்கப் பலர் இருப்பர். முதலாளி இருப்பார், தொழிலாளர் இருப்பர், அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரி இருப்பார். புகை வந்தால் அயலவர் முறையிடுவர். அதே தொழிற்சாலை மூடப்பட்டுக் கதவு பூட்டப்பட்டதும் எல்லோரும் தத்தம் வழியே போய்விடுவர். உள்ளே தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் தேங்கி நிற்கும் நச்சுத் திரவம் மட்டும் போகாது. தகரம் துருப்பிடிக்கும், சீமெந்துத் தரை வெடிக்கும். மாரி மழை கூரை ஓட்டை வழியாக இறங்கித் தொட்டியை நிரப்பி வழியச் செய்யும். பத்து ஆண்டுகளின் பின்னர் அயற்கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகும்போதுதான் அங்கே ஒரு பட்டறை இருந்தது என்பது ஊரவர்க்கு நினைவு வரும்.

தீவகம் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியல்ல. அப்படியிருக்க, உலோக முலாம் பூசும் பட்டறைகளின் கழிவைப் பற்றி ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வாழ்வோர் ஏன் சிந்திக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். எமது நிலமும் நீரும் அமைந்திருக்கும் விதமே அதற்குக் காரணம். வேறிடங்களில் நடந்ததை முதலில் பார்த்துவிட்டு எமது நிலைக்கு வருவோம்.

முலாம் பூசுவது எப்படி?

இரும்புப் பொருள் துருப்பிடிக்காமல் இருக்கவும் பளபளப்பாக இருக்கவும் அதன்மேல் குரோமியம், நிக்கல், நாகம், கட்மியம் போன்ற உலோகங்களில் ஒன்றை மெல்லிய படையாகப் படிய விடுகிறார்கள். உலோக உப்புக் கரைந்த திரவத் தொட்டியில் பொருளைத் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால் உலோகம் அதன்மேல் படிகிறது. மோட்டார் சைக்கிளின் பளபளக்கும் பாகங்கள், தண்ணீர்க் குழாயின் திருகுபிடி, கதவுக் கைபிடி, முலாம் பூசிய நகை ஆகியவை எல்லாம் இவ்வாறு வருபவையே.

பூசுவதற்கு முன்னர் பொருளை அமிலத்தில் தோய்த்துத் துருவையும் அழுக்கையும் நீக்குவர். பூசிய பின்னர் தண்ணீரில் மீண்டும் மீண்டும் அலசுவர். இந்த அலசல் தண்ணீரிலும் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலும்தான் ஆபத்து இருக்கிறது. குரோமிய முலாமுக்குப் பயன்படுவது ஆறு வலுவளவுள்ள குரோமியம். இதன் ஆவியையும் துளிகளையும் சுவாசிக்கும் தொழிலாளருக்கு மூக்கின் நடுத்தண்டில் துளை விழுவதும், தோலில் ஆறாப்புண் வருவதும், காலப்போக்கில் நுரையீரலில் புற்றுநோய் வருவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. நிக்கல் தோலில் கடியையும் சொறியையும் உண்டாக்கும். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தங்கம், வெள்ளி, செம்பு முலாம் பூசும் தொட்டிகள் பலவற்றில் சயனைட்டு இருக்கும். சயனைட்டுத் திரவத்தோடு அமிலம் கலந்தால் ஐதரசன் சயனைட்டு வாயு எழும்பும். அது சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடியது. கைவிடப்பட்ட பட்டறையொன்றில் அமிலப் பீப்பாயும் சயனைட்டுப் பீப்பாயும் பெயர்ச்சீட்டு அழிந்த நிலையில் அருகருகே துருப்பிடித்துக் கொண்டிருப்பதைவிடப் பயங்கரமான நிலை வேறில்லை.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ குரோமியம் 2 கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பட்டறையின் ஒரு தொட்டியில் மட்டும் பல கிலோ குரோமியம் கரைந்திருக்கும்.

ராணிப்பேட்டை தரும் பாடம்

தமிழ்நாட்டில் பாலாற்றுக்கு அண்மையில் உள்ள ராணிப்பேட்டை தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அன்ட் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் 1970களில் இயங்கத் தொடங்கியது. தோல் பதனிடுவோருக்குத் தேவையான குரோமிய உப்புக்களை அது உற்பத்தி செய்தது. 1990களின் நடுப்பகுதியில் அது மூடப்பட்டது. மூடப்பட்டபோது வளவினுள் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொன் எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. முலாம் தொட்டியில் இருக்கும் அதே ஆறு வலுவளவுக் குரோமியமே அந்தக் குவியலிலும் இருந்தது.

மழை பெய்யும்போதெல்லாம் குவியலின் அடியிலிருந்து மஞ்சள் நிற நீர் கசிந்தது. அயலில் உள்ள கிணறுகளும் நிலங்களும் பயன்படாது போயின. 2006ஆம் ஆண்டு நியூயோர்க்கைத் தளமாகக் கொண்ட பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. தொழிற்சாலை இயங்கிய காலம் இருபது ஆண்டு அளவில்தான். கழிவு அதைவிட நீண்ட காலம் அங்கே இருந்து வந்திருக்கிறது. யார் அகற்றுவது, யார் செலவு செய்வது என்ற கேள்வி எழுந்தபோது உரிமையாளர் தொழிலை விட்டுப் போயிருந்தார். கடைசியில் பாரம் அரசின் தலையிலும், அதாவது மக்களின் தலையிலும், அயற்கிணறுகளின் தலையிலும் விழுந்தது.

கொடைக்கானலில் வேறொரு விதமாக நடந்தது. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து இரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊர்ப் பழையிரும்புக் கடையொன்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததை 2001ஆம் ஆண்டு ஊர்மக்களும் சுற்றாடல் அமைப்புக்களும் கண்டுபிடித்து வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் இரசம் கலந்த கழிவு நூற்றுக்கணக்கான தொன் அளவில் பொதி செய்யப்பட்டு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல்தான் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளரும் ஊரவரும் பதினைந்து ஆண்டுகள் விடாது நின்றதன் பலன் அது. ஆரம்பத்தில் ஆதாரமாக அவர்கள் கையில் இருந்தது பழையிரும்புக் கடையில் கண்ட சாக்குமூட்டைகளே.

எமது வாசலில் நடந்தது

தமிழ்நாட்டுக் கதை எமக்கெதற்கு என்று சொல்ல முடியாதபடி சுன்னாகத்தில் நடந்தது. சுன்னாகம் மின்நிலைய வளவில் இயங்கிய நோதேண் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையத்தைச் சூழவிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டின் முடிவிலும் 2015இன் தொடக்கத்திலும் மக்கள் வீதிக்கு இறங்கினர். பரம்பரையாக அள்ளிக் குடித்த கிணற்றை மூடிவிட்டுப் பவுசர் தண்ணீருக்காக வாளியோடு காத்திருக்கும் நிலை ஏற்பட்டது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளருக்கு வழங்குவதற்கென 2 கோடி ரூபாவைச் செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ஐந்நூறு பேருக்கு மேற்படாமல், ஒருவருக்கு 40,000 ரூபா என்பது கணக்கு.

இத்தீர்ப்பு எமது நாட்டின் சுற்றாடல் சட்டத்தில் ஒரு மைல்கல். அதே வேளை ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கு 40,000 ரூபா என்பது எதற்குப் போதும் என்பதையும் சிந்திக்க வேண்டும். ஒரு புதுக் கிணறு வெட்டவே அது போதாது. வெட்டினாலும் அதே நிலத்தடி நீர்தானே ஊறும்?

தீவகத்தின் நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தவை. இக்கல் வெடிப்புக்களும் பொந்துகளும் நிறைந்தது. மேலே பெய்யும் மழை மண்ணில் மெதுவாக வடிகட்டப்படாமல் இவ்வெடிப்புக்கள் வழியே விரைந்து இறங்கிவிடும். தீவுகளில் மேல்மண்ணும் மெல்லியதே. நெடுந்தீவில் வேலிகளையே கடற்கல்லால் அடுக்கும் அளவுக்குக் கல் மேலே தெரியும். ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை ஒன்றுதான் ஊற்று.

இறங்கிய மழைநீர் நிலத்தடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீர் பாரம் கூடியது என்பதால் இது நிகழ்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுவான கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் எவ்வளவு மேலேறும் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்ததே. தீவுகளில் இந்த வில்லை இன்னும் மெல்லியது. அதனாலேயே ஒரே கிராமத்தில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் பக்கத்துக் கிணறு சவராகவும் இருக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நெடுந்தூரம் குடத்தோடு நடக்கும் பெண்களுக்கு இதை எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இங்கேதான் அசல் ஆபத்து இருக்கிறது. பெருநிலப்பரப்பில் நிலத்தடி நீர் மாசடைந்தால் அதை இறைத்து வெளியே எடுத்துச் சுத்திகரிப்பது ஒரு வழி. தீவகத்தில் அப்படி இறைத்தால் மாசு வருவதற்கு முன்னரே உவர்நீர் மேலேறி வில்லையையே அழித்துவிடக்கூடும். நோயும் கொல்லும், மருந்தும் கொல்லும் என்ற நிலை.

சுண்ணாம்புக்கல் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும் என்பது உண்மை. நிக்கல், நாகம் போன்றவை காரத்தன்மையுள்ள மண்ணில் ஓரளவு தங்கியும் விடும். ஆறு வலுவளவுக் குரோமியமோ காரத்தன்மையுள்ள நீரில் நன்கு கரைந்து நீரோடு நீராகவே ஓடும். அதாவது எமது கல் எங்களைக் காப்பாற்றாத நஞ்சு அதுவே.

துப்புரவு செய்வது எப்படி?

கைவிடப்பட்ட முலாம் பட்டறையைத் துப்புரவு செய்வது கூட்டித் துடைக்கும் வேலை அல்ல. முதலில் இடத்தை வேலியிட்டு ஆட்களையும் ஆடு மாடுகளையும் தடுக்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு தொட்டியிலும் பீப்பாயிலும் என்ன உள்ளது என்று பரிசோதித்து அடையாளமிட வேண்டும். அமிலத்தையும் சயனைட்டையும் வெவ்வேறாகப் பிரிக்க வேண்டும். இவை முகமூடியும் காப்புடையும் அணிந்த பயிற்சி பெற்றோர் செய்யும் வேலைகள்.

பிறகு இரசாயனம். குரோமியத் திரவத்தை அமிலத்தன்மையில் வைத்துக்கொண்டு சோடியம் மெற்றாபைசல்பைற்று அல்லது பெரசு சல்பேற்றுச் சேர்த்தால் ஆறு வலுவளவுக் குரோமியம் மூன்று வலுவளவாகத் தாழ்த்தப்படும். மூன்று வலுவளவுள்ளது நஞ்சு மிகக் குறைந்தது. அதன்பின் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் குரோமியம் பச்சை நிற வீழ்படிவாக அடியில் படியும். சயனைட்டைக் காரத்தன்மையில் வைத்துக் குளோரீன் சேர்த்து அழிப்பர். படிந்த சேற்றைப் பிழிந்து, தண்ணீர் புகாத விரிப்பு இட்ட பாதுகாப்பான குழியில் வைக்க வேண்டும். இவ்வளவும் மேலே தெரியும் கழிவுக்கு மட்டுமே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மடிசன் ஹைற்ஸ் என்ற ஊரில் இருந்த முலாம் பட்டறையொன்றை அதிகாரிகள் 2016இல் மூடினர். ஆயிரக்கணக்கான கொள்கலன்களில் கழிவு கிடந்தது. அரசாங்கம் பெருஞ்செலவில் அவற்றை அகற்றியது. உரிமையாளருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 2019 டிசெம்பரில் அருகே உள்ள நெடுஞ்சாலையின் மதிலில் இருந்து பச்சை நிறத் திரவம் வழிந்தது. கட்டிடத்தின் கீழே மண்ணில் ஊறியிருந்த குரோமியம் அது. பீப்பாய்களை அகற்றினார்கள், மண்ணை அகற்றவில்லை.

அதே நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் சிற்றி என்ற இடத்தில் கரையோரக் காவற்படையின் முலாம் பட்டறையொன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி 1984இல் நிறுத்தப்பட்டது. தரையின் கீழே கசிந்த குரோமியம் நிலத்தடி நீரோடு அருகே உள்ள ஆற்றை நோக்கி நகர்ந்தது. 1996இல் அங்கே ஒரு புதுமுறையைக் கையாண்டனர். நீர் நகரும் வழிக்குக் குறுக்கே 46 மீற்றர் நீளமும் 7 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் கொண்ட ஒடுங்கிய அகழியை வெட்டி அதை இரும்புத் துகளால் நிரப்பினர். மாசடைந்த நீர் இரும்பினூடே செல்லும்போது குரோமியம் தாழ்த்தப்பட்டு அங்கேயே தங்கிவிட்டது. தண்ணீரை இறைக்க வேண்டியிருக்கவில்லை. இறைக்க முடியாத எமது நிலத்துக்கு இத்தகைய முறை கவனிக்கத்தக்கது. ஆயினும் வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக்கல்லில் நீர் எவ்வழியே ஓடுகிறது என்று கண்டறிவது மணற்பாங்கான நிலத்தில் கண்டறிவதைவிடப் பன்மடங்கு கடினம்.

ஆகவே எமக்கு மலிவான துப்புரவு ஒன்றே ஒன்றுதான். அது நிலத்தில் சிந்தாமல் தடுப்பது.

எமது ஊர்களில் கிடப்பவை

1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளும் கடைகளும் பட்டறைகளும் அப்படியே விடப்பட்டன. இன்றும் பல வளவுகள் உரிமையாளர் திரும்பாமல் பற்றை மூடிக் கிடக்கின்றன. அவற்றினுள் என்ன இருக்கிறது என்று அயலவருக்கும் தெரியாது. பழைய வாகனங்கள், பற்றரிகள், பூச்சுப் பீப்பாய்கள், கிருமிநாசினிப் போத்தல்கள், மண்ணெண்ணெய்த் தாங்கிகள் எவையும் இருக்கலாம்.

இன்றைய கழிவும் குறைந்ததல்ல. படகு இயந்திரங்களின் கழிவு எண்ணெய் இருக்கிறது. தீவுகளுக்கு மின்சாரம் வழங்கும் டீசல் மின்பிறப்பாக்கிகளின் எண்ணெய் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு மின்சாரம் பெறுவதற்கான திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இது வரவேற்கத்தக்கது. அதேவேளை இத்தகைய திட்டங்களுடன் வரும் பற்றரிகள் ஒருநாள் பழுதாகும். அப்போது அவை எவ்வாறு அகற்றப்படும் என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது எமது உரிமை. நெடுந்தீவிலிருந்து ஒரு பற்றரியை அகற்ற வேண்டுமானால் படகேற்றிக் குறிகட்டுவானில் இறக்கி, அங்கிருந்து பண்ணைப் பாலம் கடந்து கொண்டு போக வேண்டும். கொண்டு வருவதற்கு ஆள் இருக்கும். கொண்டு போவதற்கு ஆள் இருக்காது.

வலைக்கு ஈயம் கட்டுவதற்காகப் பழைய பற்றரியை உடைத்து வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்குவது மிகத் தீங்கானது. அந்தப் புகையும் தூசியும் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடைத்த பற்றரியின் அமிலம் வளவில் ஊற்றப்பட்டால் அதில் உள்ள ஈயமும் அங்கேயே தங்கும்.

செய்யக் கூடாதவை

பெயர் தெரியாத பீப்பாயைத் திறக்கவோ முகரவோ வேண்டாம். ஒரு திரவத்தை இன்னொன்றில் ஊற்ற வேண்டாம். பாழ்கிணற்றிலும் கேணியிலும் கொட்ட வேண்டாம். பாழ்கிணறு நேரே நன்னீர் வில்லைக்குப் போகும் வாசல். எரிக்க வேண்டாம். கடலில் தள்ள வேண்டாம், எமது கடல் ஆழமில்லாத மீன்பாடுள்ள கடல். வெறுமையான பீப்பாயைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வேண்டாம். என்ன இருக்கிறது என்று அறியாமல் பழையிரும்புக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம். கொடைக்கானலில் நஞ்சு ஊருக்குள் வந்தது அவ்வழியேதான்.

செய்ய வேண்டியவை

சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் பிள்ளைகளை விலக்கி, மழை படாமல் மூடக்கூடியதாக இருந்தால் தொடாமல் மூடிவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும். வாய்ச்சொல்லோடு விடாமல் எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்வது நன்று. பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அதன் பிரதிகள் போகட்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இத்தகைய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. ஆபத்தான கழிவைக் கையாளவும் ஏற்றிச் செல்லவும் தனி அனுமதி வேண்டும் என 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஆகவே மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதுவது ஒருவரிடம் தயவு கேட்பதல்ல.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து மூன்று வேலைகளைச் செய்யலாம். முதலாவது, ஊரில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறுகளையும் அவற்றுக்கு அருகே உள்ள பாழ்வளவுகள், பட்டறைகள், எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவற்றையும் ஒரு படத்தில் குறிப்பது. ஊர்ப் பெரியவர்களுக்கு எங்கே என்ன இருந்தது என்பது நினைவிருக்கும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை மாரிக்கு முன்னும் பின்னும் முக்கியமான கிணறுகளின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவுகளை ஒரு கொப்பியில் பதிந்து வருவது. முன்னர் நன்றாக இருந்தது என்பதற்குப் பதிவு இருந்தால்தான் பின்னர் கெட்டது என்று நிறுவ முடியும். மூன்றாவது, கழிவு எண்ணெய்க்கும் பழைய பற்றரிக்கும் இறங்குதுறையருகே சீமெந்துத் தரையும் கூரையும் உள்ள ஒரு சேகரிப்பிடம் அமைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க ஒழுங்கு செய்வது. தொழிலாளர் தமது எண்ணெயை ஒரு கலனில் கொண்டுவந்து கொடுக்க அதிக நேரம் செல்லாது.

புதிய தொழில் எதுவும் தீவகத்துக்கு வரக்கூடாது என்பது எமது கருத்தல்ல. இளையோருக்கு வேலை வேண்டும். வருபவர் வரும்போதே கழிவை எங்கே கொண்டு போவீர்கள், மூடும்போது யார் துப்புரவு செய்வார், அதற்கான பணத்தை இப்போதே கட்டி வைப்பீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்போம். ராணிப்பேட்டையில் இக்கேள்விகளைத் தொடக்கத்தில் கேட்டு விடை பெற்றிருந்தால் பாரம் மக்களின் தலையில் விழுந்திராது. சுன்னாகத்தில் கேட்கப்பட்டபோது கிணறுகள் ஏற்கெனவே கெட்டிருந்தன. தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்று கெட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்றை வெட்ட எமக்கு இடமில்லை.